முகம் எரிகிறதா? முதலில் அந்த ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்!

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான். பத்திரிகை வாங்க வந்த அத்தை ஒருவர், "பொண்ணு கொஞ்சம் கறுத்துட்டாளே" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அன்று சாயங்காலமே மெடிக்கல் ஷாப்பிலிருந்து ஒரு ட்யூப் வீட்டுக்கு வந்துவிடும். டாக்டர் சீட்டு கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன பேர்தான் சீட்டு. இரண்டே வாரத்தில் முகம் பளிச்.

கல்யாணம் முடியும், ட்யூபும் தீரும். சில நாள்களில் கன்னம் சிவந்து, பச்சைத் தண்ணீர் பட்டாலே எரியும். நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூருக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார முடியாது, வெயில் ஊசியாகக் குத்தும். பயந்துபோய் மறுபடி அதே ட்யூபைத் தடவினால் ராத்திரிக்குள் எரிச்சல் அடங்கிவிடும். 'நல்ல க்ரீம்தான், நிறுத்தியதுதான் தப்பு' என்று தோன்றுவது இந்த இடத்தில்தான். சிக்குவதும் இந்த இடத்தில்தான்.

இது ஒரு ஊர்க் கதை அல்ல. நாடு முழுக்கத் தோல் மருத்துவர்கள் தினம் பார்க்கிற முகம் இது. 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்று இந்திய மருத்துவர்கள் இதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்தா? இல்லை. கரப்பான், சொரியாசிஸ் போன்றவற்றுக்கு அது கைகண்ட மருந்து. ஆனால், எந்த இடத்தில், எத்தனை நாள் என்ற கணக்கு உண்டு. 1967-ல் வெளியான ஓர் ஆய்வு இன்றைக்கும் பாடமாக இருக்கிறது. முன்கைத் தோல் ஒரு பங்கு ஸ்டீராய்டை உறிஞ்சினால், நெற்றி 6 பங்கு உறிஞ்சும், தாடையோரம் 13 பங்கு உறிஞ்சும். முழங்கைச் சொறிக்குக் கொடுத்த க்ரீமை மிச்சம் இருக்கிறதே என்று கன்னத்தில் தடவினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த மருந்து தோலுக்கு அடியில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால்தான் முகம் வெளுத்துத் தெரிகிறது. அது நிறமல்ல, ரத்தம் குறைந்த தோற்றம். நிறுத்தியதும் சுருங்கியவை எல்லாம் ஒரேயடியாக விரியும். அதுதான் அந்தச் சிவப்பும் எரிச்சலும். மாதக்கணக்கில் தடவியவர்களுக்குத் தோல் மெலியும், சிவப்பு நரம்புகள் கோடு கோடாகத் தெரியும், பரு கொத்தாக வரும், பெண்களுக்கு உதட்டுக்கு மேல் முடி வளரும். படர்தாமரையின் மேல் தடவினால் அரிப்பு அடங்கும், உள்ளுக்குள் பூஞ்சை சொகுசாகப் பரவும்.

ட்யூபைக் கண்டுபிடிப்பது சுலபம். பின்பக்கம் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. நிறம் தருகிற க்ரீம் என்று கை மாறுகிறவை பல, ஸ்டீராய்டோடு ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என இன்னும் இரண்டு மருந்துகள் சேர்ந்த கலவை. மங்குக்காக, குறைந்த காலத்துக்கு, டாக்டர் பார்வையில் தருவதற்கென்று வந்தது அது. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவு இருக்கிறது, ட்யூபும் கிடைக்கிறது.

பேரே இல்லாத டப்பாவில் வருகிற க்ரீம் இதைவிட மோசம். கேரளாவில் மலப்புரம் பக்கம் அப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 2023-ல் செய்தியானது. காரணம், அதில் இருந்த பாதரசம்.

எல்லா எரிச்சலும் க்ரீமால் வருவதில்லை. இந்தப் பக்கத்துக்கே உரிய காரணங்கள் சில உண்டு. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி உடைக்கிறவர்களுக்கு அந்த ஓட்டுப் பாலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கையில் பட்டால் புண்ணாகும், அந்தக் கையால் வியர்வையைத் துடைத்தால் முகமும் வேகும். மாங்காய்ப் பால் பட்டு வாய் ஓரம் வெந்துபோகிறதே, முந்திரியும் அதே குடும்பம்தான். கரும்புக் கொல்லை வரப்பிலும் ரோட்டோரத்திலும் வெள்ளைப் பூவோடு நிற்கிற பார்த்தீனியம் இன்னொன்று. அதைத் தொடக்கூட வேண்டாம். காற்றில் வருகிற அதன் துகளே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இமை, கழுத்து, காது மடல் எல்லாம் தடித்து அரிக்கும். நெற்றி நடுவில் மட்டும் வட்டமாக அரித்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசையைச் சந்தேகப்படுங்கள். குங்குமத்துக்கு மாறினாலும் அரிப்பு போகவில்லை என்றால், அதில் கலந்த சாயமாக இருக்கலாம்.

அப்புறம் நம் வீட்டு வைத்தியம். எலுமிச்சைச் சாறு! நல்ல தோலே லேசான அமிலத்தன்மை உள்ளதுதான், ஆனால் எலுமிச்சை அதைவிடப் பல நூறு மடங்கு காட்டம். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் கறுப்புத் திட்டு விழும். தோலின் மேலடுக்கு, செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் மாதிரி. செல்கள் செங்கல், நடுவில் இருக்கிற கொழுப்பு சாந்து. சோப்பு, ஸ்க்ரப், ப்ளீச் என்று தினமும் சுரண்டினால் சாந்து உதிரும், எது பட்டாலும் எரியும். அப்படி எரிகிற முகத்தில் இன்னும் நான்கு பொருளைப் பூசுவது, வீங்கிய காலோடு ஓடுவதற்குச் சமம்.

எனவே சில வாரம் முகத்துக்கு லீவு விடுங்கள். பச்சைத் தண்ணீர், தேவைப்பட்டால் வாசனை இல்லாத மென்மையான க்ளென்சர், ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர். அவ்வளவுதான். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஆவி பிடித்தல், ஃபேஷியல், கடலை மாவு, மஞ்சள் எல்லாம் அப்புறம். வெயிலுக்குக் குடை போதும். சன்ஸ்க்ரீன் எரியவில்லை என்றால் போடலாம், ஜிங்க் ஆக்ஸைடு உள்ளது சாதுவானது. பரீட்சை, வேலை டென்ஷன், தூக்கமின்மை எல்லாம் முகத்தில் தெரியத்தான் செய்யும். அந்த நேரத்தில் பருவைக் கிள்ளுகிற விரல்தான் பெரிய எதிரி.

ஆனால், ஸ்டீராய்டு க்ரீமை மாதக்கணக்கில் பூசியவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கி எறிய வேண்டாம். எப்படிக் குறைப்பது என்று தோல் மருத்துவர் சொல்வார். சிவப்பு மறையச் சிலருக்குப் பல மாதம்கூட ஆகும். நடுவில் ஒருநாள் எரிச்சல் தாங்காமல் பழைய ட்யூபைத் தேடத் தோன்றும். வீட்டில் இருக்கிறவர்கள் அப்போது 'முகம் என்ன இப்படி ஆயிடுச்சு' என்று கேட்காமல் இருந்தாலே பெரிய உதவி.

கண் வீங்கினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், மூக்கின் இரு பக்கமும் வண்ணத்துப்பூச்சி மாதிரி சிவந்து மூட்டும் வலித்தால் காத்திருக்காதீர்கள். கடலூர் அரசு மருத்துவமனையிலோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். போகும்போது பூசிய ட்யூப், டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டு ஒன்றை மட்டும் வீட்டில் விட்டுப் போகிறவர்கள் உண்டு. டாக்டர் பார்க்க வேண்டியது பெரும்பாலும் அதைத்தான்.