கேக் வேணும், சிலுவை வேணாம்

பெரிய வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் விடியாததுமா ஃபோன் கத்த ஆரம்பிச்சிடும். எடுத்துப் பார்த்தா "ஹேப்பி குட் ஃப்ரைடே!" ரோஜாப்பூ படம், பறக்குற புறா, சில சமயம் பலூன் வேற. அனுப்புறது யாரு, விரோதியா? இல்லீங்க. கூட வேலை பார்த்தவங்க, பழைய கிளாஸ்மேட், காஸ் ஏஜென்சிக்காரர். எல்லாரும் நல்லவங்க, பாசமாத்தான் அனுப்புறாங்க. அதனாலதான் கூடுதலா வலிக்குது. ஒருத்தரை அடிச்சு, ஆணி அறைஞ்சு கொன்ன நாளுக்கு எதுக்கு ஹேப்பி? பக்கத்து வீட்டுல சாவு விழுந்தா பலூன் படம் அனுப்புவோமா?

40 நாள் தவக்காலம். எங்க வீட்டுல அத்தனை நாளும் கவுச்சி கிடையாது. கல்யாணம் காட்சி வைக்க மாட்டோம். அந்த நாப்பதும் போய்ச் சேருற இடம் இந்த வெள்ளிக்கிழமைதான். அன்னிக்கு பூசை கிடையாது. பீடத்துல ஒரு துணிகூட இருக்காது. மணி அடிக்க மாட்டாங்க, மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிடுவாங்க. மத்தியானம் ஒருசந்தியோட, காய்ஞ்ச வாயோட வரிசையில போய் சிலுவையை முத்தி செய்வோம். வருஷம் பூரா சேர்த்து வெச்ச அழுகையை அன்னிக்குத்தான் கொட்டுவோம்.

அந்த நாள்தான் ஏற்காட்டுக்கு லாங் வீக்கெண்ட்!

வெள்ளி, சனி, ஞாயிறு. சேலத்துலேர்ந்து ஏறுற 20 கொண்டை ஊசி வளைவுலயும் கார் மேல கார். வரட்டும், வேணாங்கல. இந்த மலையில பாதிப் பேருக்கு சோறு போடுறதே டூரிஸ்ட்டுங்கதான். ஆனா நாங்க ரோட்டோரமா சிலுவைப் பாதை போறோம். பாட்டிங்க அந்த வெயில்ல செருப்பில்லாம நடக்கிறாங்க. 12-ஆம் நிலை, இயேசு உயிர் விடுற இடம். எல்லாரும் முழங்கால் போடுறோம். பின்னாடி பாம்... பாம்...னு ஹார்ன். கண்ணாடியை இறக்கி ஒருத்தர் கேட்கிறார்: "என்ன ஃபங்ஷன் இது? எவ்ளோ நேரம் ஆகும்? போட்டிங் டைம் முடிஞ்சிடும்ல?" இன்னொரு வண்டியிலேர்ந்து இறங்கின புள்ளைங்க, சிலுவை சுமக்கிற பையன் தோள்ல கை போட்டு செல்ஃபி எடுக்கப் போறாங்க. சிரிச்ச முகம், ரெண்டு விரல். அந்தப் பையன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கல.

இதே ரோட்டுல ஒரு டீக்கடை. உள்ள பழனி முருகன் படம், விபூதி வாசனை. சிலுவைப் பாதை வளைவுல திரும்பும்போதே அந்த அண்ணன் பாட்டை நிறுத்திடுவார். நாங்க யாரும் அவர்கிட்ட கேட்டதில்ல. மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக் கிராமத்து ஜனங்க போறப்ப நாங்களும் வண்டியை ஓரங்கட்டி வழி விடுறோம். அடுத்தவன் சாமிக்கு ஒதுங்கி நிக்கிற பழக்கம் இந்த மலையில இருக்கு. அப்புறம் எந்த ஊர்க் காத்துங்க இந்த அவசரத்தைக் கொண்டு வந்துச்சு?

டிசம்பர்ல வந்து பாருங்க, வேற கதை. ரிசார்ட் ரிசார்ட்டா ஸ்டார் தொங்கும். பிளம் கேக், சாண்டா தொப்பி, காலா டின்னர். ரிசப்ஷன்ல ஒரு மரம், அடியில வெறும் கிஃப்ட் டப்பா. மாட்டுத் தொழுவத்துல இடம் தேடின அந்தக் குழந்தை எங்கேன்னு தேடினாலும் கிடைக்காது. ஆனா என்கிட்ட மட்டும், "என்னக்கா, இந்த வருஷம் கேக் கிடையாதா?"ன்னு உரிமையோட கேப்பாங்க. கேளுங்க, சந்தோஷமா குடுக்கிறேன். ஆனா தவக்காலம் தொடங்குற விபூதிப் புதன் அன்னிக்கு நெத்தியில சாம்பலோட பஸ்ல ஏறினா, "அக்கா, நெத்தியில ஏதோ அழுக்கு"ன்னு கர்ச்சீஃப் நீட்டுறாங்க. விளக்கிச் சொன்னா, "ஓ... நீங்க ரொம்ப ரிலிஜியஸோ?"ன்னு ஒரு மாதிரி பார்க்கிறாங்க. சாமி கும்பிடுறது ஒரு வியாதியா?

இன்னொரு பேச்சு இருக்கு, அதைக் கேட்டாத்தான் உடம்பெல்லாம் எரியும். "இது வெள்ளைக்காரன் கொண்டு வந்த மதம்தானே?" சொல்றவங்க கையில பார்த்தா ஏற்காட்டுக் காப்பிப் பொடி பாக்கெட். ஐயா, அந்தக் காப்பியை 1820-கள்ல இந்த மலைக்குக் கொண்டு வந்ததே சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்ங்கிற வெள்ளைக்காரர்தான். காப்பி நம்ம ஊர்க் காப்பி ஆயிடுச்சு. நாலு தலைமுறையா இந்த மண்ணுல பிறந்து, இதே மண்ணுல புதைஞ்ச எங்க குடும்பம் மட்டும் இன்னும் வெளியூரா?

பள்ளிக்கூடத்துக்கு வாங்க. சேக்ரட் ஹார்ட் கான்வென்ட்டை குளூனி சிஸ்டருங்க 1894-ல ஆரம்பிச்சாங்க. மான்ட்ஃபோர்ட்டை கேப்ரியல் சபை பிரதர்ஸ் 1917-ல. அங்கே ஒரு சீட்டுக்கு சிபாரிசு பண்ணுவீங்களான்னு என்கிட்டயே எத்தனை பேர் கேட்டிருக்காங்க! டிசிப்ளின் வேணும், இங்கிலீஷ் வேணும். கரண்ட் இல்லாத காலத்துல, மலைக்காய்ச்சலுக்கும் அட்டைக்கும் நடுவுல, கல்யாணம் குடும்பம் எதுவும் வேணாம்னு வந்து அந்தப் பொம்பளைங்க ஏன் கஷ்டப்பட்டாங்கன்னு யாராவது யோசிச்சிருக்கோமா? அந்த வெள்ளிக்கிழமையை நம்பினதாலதானே வந்தாங்க. அதைக் கழிச்சுட்டுப் பார்த்தா அந்தக் கட்டடத்துல ஒரு செங்கல் இருக்காது.

சரி, டூரிஸ்ட்டை விடுங்க, அவங்களுக்குத் தெரியாது. அரசாங்கத்துக்குமா தெரியாது? கேலண்டர்ல சிவப்பு எழுத்துல போட்டிருக்கே! 2019-ல தமிழ்நாட்டுக்கு லோக்சபா தேர்தல் வெச்சது ஏப்ரல் 18. பெரிய வியாழன். சாயங்காலம் பாதம் கழுவுற சடங்கு, அப்புறம் ராத்திரி கண்முழிச்சு ஆராதனை. வாக்குச்சாவடி எங்கே? நிறைய எங்க பள்ளிக்கூடங்கள்லதான், கோயிலும் பல ஊர்ல அதே காம்பவுண்டுக்குள்ள. தேதியை மாத்துங்கன்னு கேட்டுப் பார்த்தாங்க, தேர்தல் கமிஷன் அசையல. சென்னை ஹைகோர்ட்டும் தள்ளுபடி பண்ணிடுச்சு. அன்னிக்கே மதுரையில சித்திரைத் திருவிழாத் தேரோட்டம். அங்கே மட்டும் வோட்டுப் போட ராத்திரி 8 மணி வரைக்கும் டைம் குடுத்தாங்க. குடுத்தது நல்லது, அவங்களுக்கு நாள் மாத்திக் குடுத்திருந்தாலும் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனா ஒண்ணு புரிஞ்சுது. தேர் பெரிசு, ரோடு அடைக்கும், அதனால ஆபீசருங்க கண்ணுக்குத் தெரியுது. முழங்கால் போட்டு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கிற ஜனம் ரோட்டை அடைக்காது, அதனால கணக்குல வராது.

2015-ல பெரிய வெள்ளி அன்னிக்கே டெல்லியில நாட்டு ஹைகோர்ட் தலைமை நீதிபதிகளுக்கெல்லாம் மாநாடு. சுப்ரீம் கோர்ட் நீதிபதி குரியன் ஜோசப்பே கடிதம் எழுத வேண்டி வந்துச்சு. 2024-ல ஈஸ்டர் மார்ச் 31-ல வந்தது. நிதியாண்டு முடியுதுன்னு அரசுக் கணக்கு பார்க்கிற வங்கிக் கிளைகளை ஞாயித்துக்கிழமையும் திறக்கச் சொன்னது ரிசர்வ் வங்கி. இதுல எல்லாத்துலயும் பகை இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். ஞாபகமே வரல, அவ்வளவுதான். அந்த மறதிதான் சுடுது. டாஸ்மாக்கைப் பாருங்க. மகாவீர் ஜெயந்திக்கு மூடுறாங்க, வள்ளலார் நாளுக்கு மூடுறாங்க, மிலாடி நபிக்கு மூடுறாங்க. அத்தனையும் நியாயம். பெரிய வெள்ளிக்கு மட்டும் திறந்திருக்கு!

எங்க ஆளுங்களையும் சொல்லணும். மூணு மணி ஆராதனைக்கு வந்துட்டு, சிலுவை முத்தி முடியுறதுக்குள்ள பார்க்கிங்ல வண்டி ஸ்டார்ட் ஆகுது. பெங்களூர்ல வேலை பார்க்கிற பையன், "மம்மி, லைவ்ல பார்த்துக்கலாமே"ங்கிறான். திருச்சி மேலப்புதூர் கல்லறையில செத்தவங்களுக்கு நடுவுல சாதிச் சுவர் எழுப்பினது டூரிஸ்ட்டா, தேர்தல் கமிஷனா? கிறிஸ்தவங்கதானே. சிலுவையில தொங்கினவர் யாருக்காகத் தொங்கினாருன்னு எங்க வீட்டுக்குள்ளயே மறந்து போச்சுன்னா, வெளியில இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? சாமியார் பிரசங்கத்துல இதை ஓங்கிச் சொல்லணும். சொல்ல மாட்டேங்கிறாங்க.

அடுத்த வருஷமும் வருவீங்க, வாங்க. வெள்ளிக்கிழமை எங்க சிலுவைப் பாதை எதிர்ல வந்தா இன்ஜினை அணைச்சிட்டு ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க, ஏரி எங்கேயும் போயிடாது. வாழ்த்துச் சொல்லணும்னு தோணுச்சுன்னா ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க. அன்னிக்கு எத்தனை ஹேப்பி வேணும்னாலும் சொல்லுங்க, நேராவே வீட்டுக்கு வாங்க. நாப்பது நாள் கழிச்சு மட்டன் எடுத்திருப்போம், அண்டா நிறைய பிரியாணி இருக்கும்.