சிறு மீன்களின் பொருட்டு

அண்மையில் இலக்கிய நண்பர்கள் கூடிய ஓர் மாலையில் பேச்சு இயற்கை எழுத்தின் பக்கம் திரும்பியது. அமெரிக்காவில் உறைந்த மிசிசிப்பி ஆற்றின்மேல் அமர்ந்து நண்பர்களோடு சிறு மீன் பிடித்ததைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினேன். என் மதிப்புக்குரிய விமரிசகர் ஒருவர் இடைமறித்தார். "பனியில் ஓட்டை போட்டு உட்கார்ந்து உள்ளங்கையளவு மீனைப் பிடிப்பதில் என்ன இருக்கிறது? போராட்டம் இல்லை, தனிமை இல்லை, தரிசனம் இல்லை. பொழுது போகாதவர்களின் வேலை" என்றார். அவை சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வீடு திரும்பிய பிறகுதான் அந்தச் சிரிப்பு என்னை உறுத்தத் தொடங்கியது. அதற்கான பரிகாரமே இக்கட்டுரை.

நண்பரின் கூற்றில் ஒரு நேர்மை இருந்தது. நம்மில் பலர் சொல்லாமல் நம்புவதை அவர் சொல்லிவிட்டார். நீருக்கும் மனிதனுக்குமான உறவு இலக்கியத் தகுதி பெற வேண்டுமானால் மீன் பெரிதாக இருக்க வேண்டும், மனிதன் ஒற்றையாளாக இருக்க வேண்டும் என்பதே அந்த நம்பிக்கை. 1851இல் மெல்வில் திமிங்கலத்தைத் தந்தார். 1952இல் ஹெமிங்வே கிழவனையும் பதினெட்டு அடி மார்லின் மீனையும் தந்தார். 1976இல் நார்மன் மக்லீன் மொன்டானா ஆறுகளின் டிரௌட் மீனுக்கு ஏறத்தாழ ஒரு சமயத் தகுதியே அளித்தார். மூன்றும் பெரும் படைப்புகள். அவற்றோடு எனக்குப் பூசல் இல்லை. அவற்றிலிருந்து நாம் உருவாக்கிக்கொண்ட மீன் வருணாசிரமத்தோடுதான் பூசல். அந்தப் படிநிலையின் கடைசிப் படியில் கிடப்பது, அமெரிக்கர்கள் 'பான்ஃபிஷ்' என்றழைக்கும் சிறு மீன் கூட்டம். புளூகில், கிராப்பி, பெர்ச் முதலான பல இனங்களுக்கு அது பொதுப்பெயர். வாணலியில் முழுதாக அடங்கும் மீன் என்பதே அதன் பொருள். பெயரிலேயே அடுப்பு இருக்கிறது. உன்னதம் தேடுகிறவர்களுக்கு அது போதாமல் போவதில் வியப்பில்லை.

நான் கண்டதைச் சொல்கிறேன். 2023 சனவரியில், பொங்கல் விடுமுறையோடு சில நாள் விடுப்பும் சேர்த்து, விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் நகரில் வாழும் என் கல்லூரித் தோழன் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை விடியலில் உரிமச்சீட்டு வாங்கிக்கொண்டு ஐவராகப் புறப்பட்டோம். நாங்கள் இருவர், ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மோங் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர். முன்னே சென்ற முதியவர் கனத்த இரும்புக் கடப்பாரையால் பனிக்கட்டியை ஓங்கிக் குத்திப் பார்த்தபடியே நடந்தார். கழுத்தில் இரண்டு கூர்முனைப் பிடிகள் தொங்கின. உடைந்து உள்ளே விழுந்தால் பனியின் விளிம்பில் குத்தித் தவழ்ந்து மேலேற அவை உதவும். ஆள் நடக்க நான்கு அங்குலத் தெளிந்த பனியேனும் வேண்டும் என்பது அங்கே பொது விதி. அந்த விதி ஏரிக்கு எழுதப்பட்டது. ஆற்றில் அதையும் முழுதாக நம்பக்கூடாது என்றார் அவர். ஓடும் நீர் அடியிலிருந்து பனியைத் தின்றுகொண்டே இருக்கும். பத்தடி தள்ளி அதன் கனம் வேறாக இருக்கலாம். போராட்டம் இல்லை என்று சொன்ன நண்பர் அந்தக் கடப்பாரையின் ஓசையைக் கேட்டதில்லை.

மீன் இருக்கும் இடத்தைக் கண்டறிவதும் லேசான காரியமன்று. நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியானது. ஆகவே அசையாத நீரில் மேலே பனி மிதக்க, அடியில் சற்றே வெதுவெதுப்பான நீர் தங்கும். ஆற்றின் நடுவோட்டத்தில் அந்த அடுக்கு நிலைப்பதில்லை. மேலும் கீழும் கலந்து எங்கும் உறைநிலைக்கு அருகிலேயே கிடக்கும். எனவே குளிர்காலத்தில் புளூகில் மீன்கள் ஓட்டத்தை விட்டு விலகி, ஆற்றின் பக்கவாட்டுக் கழிகளில் ஒதுங்குகின்றன. நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகமுள்ள ஓட்டத்தைக்கூட அவை தவிர்க்கின்றன. ஆனால் முற்றிலும் தேங்கிய நீரிலும் இருக்க முடியாது. மேலே வெண்பனி மூடினால் ஒளி புகாது. நீர்த்தாவரம் உயிர்க்காற்றைத் தராது. மீன் மூச்சு முட்டிச் சாகும். ஓட்டத்துக்கும் தேக்கத்துக்கும் இடையே, குளிருக்கும் மூச்சுக்கும் இடையே, ஒரு குறுகிய இடத்தில்தான் அந்த உயிர் குளிர்காலத்தைக் கடக்கிறது. தரிசனம் இல்லையாம்! வேறெதைத்தான் தரிசனம் என்பது?

தனிமை இல்லை என்பது உண்மை. அங்கே தனிமை இல்லை, இருக்கவும் கூடாது. பனியில் தனியே போகிறவனை அவ்வூரார் முட்டாள் என்கிறார்கள். கவிழ்த்துப் போட்ட வாளிகளில் அமர்ந்து, இரண்டடி நீளத் தூண்டிலும் கடுகு பருமனில் உலோகக் குண்டும் மெழுகுப்புழுவுமாகக் காத்திருந்தோம். புளூகில் இரையைக் கவ்வி இழுப்பதில்லை. வாய்க்குள் உறிஞ்சி உடனே துப்பிவிடும். தூண்டில் முனையிலுள்ள மெல்லிய கம்பி மயிரிழை அசையும். அதைக் காணாதவனுக்கு மீன் இல்லை. அந்த அசைவுகளுக்கு நடுவே பேச்சு. ரயில்வேக்காரர் தம் மனைவியின் இறுதி நாட்களைப் பற்றிச் சொன்னார். முகம் பார்த்துச் சொல்ல முடியாததைத் துளையைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியும் என்று அன்று அறிந்தேன். மாலையில் மோங் இளைஞரின் வீட்டில் எலுமிச்சைப் புல்லும் மிளகாயும் சேர்த்து அம்மீன்களைப் பொரித்துத் தந்தார்கள். ஒருவர் பிடித்ததை ஐவரும் உண்டோம்.

மீன்பிடி இலக்கியமே தனிமையில் பிறந்தது என்பது நமது மறதி. ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட 'தி கம்ப்ளீட் ஆங்லர்' ஓர் உரையாடல் நூல். மீன்பிடிப்பவர் தம் வழித்துணைகளோடு நடக்கிறார், பேசுகிறார், விடுதியில் தங்குகிறார், பாடுகிறார். முள் நிறைந்ததென்று எல்லோரும் ஒதுக்கும் 'சப்' என்ற மலிவான மீனை எப்படிச் சமைத்தால் சுவைக்கும் என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறார். கெண்டைப் பொடிகளுக்கும் அந்நூலில் இடமுண்டு. ஆங்கில மீன்பிடி எழுத்தின் பேரிலக்கியமாகப் போற்றப்படும் நூலில் சிறு மீனும் நட்பும் அடுப்பும் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் புறத்திண்ணைக்கு விரட்டியவர்கள் நாம்.

இந்த வரலாறு அந்த ஆற்றோடு நேரடியாகத் தொடர்புடையது. 1922இல் சிகாகோவில் மீன்பிடி ஆர்வலர்கள் கூடி வால்டனின் பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கினர். மேல் மிசிசிப்பியின் வின்னஷீக் சதுப்புகளை வடித்து விளைநிலமாக்கும் திட்டம் ஒன்று அப்போது இருந்தது. வில் டில்க் என்பவரின் தலைமையில் அச்சங்கம் நாடெங்கும் ஆதரவு திரட்டியது. 1924இல் அமெரிக்கப் பேரவை அவ்வாற்றுப் பகுதியை வனவிலங்கு, மீன் புகலிடமாகச் சட்டமியற்றிக் காத்தது. நான்கு மாநிலங்களைத் தொட்டு 261 மைல் நீளும் புகலிடம் அது. நாங்கள் அமர்ந்திருந்த கழியும் அதில் ஒரு துளி. அந்தக் கழிகளைக் காப்பாற்றியது எந்த ஒற்றை மனிதனின் உன்னத தரிசனமும் அன்று; சேர்ந்து மீன் பிடித்தவர்களின் கூட்டம். 'பொழுது போகாதவர்கள்' செய்த வேலை இது.

என் எதிர்ப்பு நண்பரின் ரசனையோடு நிற்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சிறியது, ஆகவே பொருட்படுத்தத் தக்கதன்று என்ற அவருடைய அளவுகோல் இலக்கியக் கூட்டங்களில் மட்டும் வழங்குவதில்லை. அதே அளவுகோல்தான் அந்த ஆற்றையும் அழித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் அரசு. 1930களில் சரக்குப் படகுகளுக்காக ஒன்பதடி ஆழத்தில் கால்வாய் வேண்டுமென்று மேல் மிசிசிப்பியில் அணைகளை வரிசையாகக் கட்டினார்கள். பொறியாளரின் வரைபடத்தில் நடுவோட்டம் மட்டுமே ஆறு. பக்கவாட்டுக் கழிகள் வெறும் மிச்சம். அணை நீர் பரவியதால் தொடக்கத்தில் கழிகள் பெருகின. ஆனால் வண்டல் படிந்து அவை மேடாகத் தொடங்கின. அலை அரித்ததில் தீவுகள் கரைந்தன. ஆழம் குறைந்த கழியில் மீன் குளிர்காலத்தைத் தாண்டாது. 1986இல் சட்டத்தின் வழியே மறுசீரமைப்புத் திட்டமொன்று வந்தது. கழிகளைத் தோண்டி, செயற்கைத் தீவுகளை எழுப்பி, இழந்ததில் ஒரு பகுதியை மீட்க இன்றும் உழைக்கிறார்கள். மிச்சமென்று ஒதுக்கியதற்கான தண்டத்தொகை அது.

அடுத்து மீன் பிடிப்பவர்களே. "புளூகில்தானே, எத்தனை எடுத்தால் என்ன?" என்ற பேச்சைப் பனிமேல் நான் கேட்டேன். என் விமரிசக நண்பரின் குரலே அங்கு ஆங்கிலத்தில் ஒலித்தது. அந்த மீனின் வாழ்க்கை அவ்வளவு மலிவானதன்று. வடபுலக் குளிர்நீரில் எட்டங்குலம் வளர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். பெரிய ஆண் மீன்தான் கூடு அமைத்து, முட்டைகளுக்கு வாலால் விசிறி, பகையை விரட்டிக் காக்கிறது. பெரியவற்றைத் தேர்ந்து அள்ளிவிட்டால், சிறிய ஆண்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு இளமையிலேயே இனப்பெருக்கத்தில் இறங்கிவிடுகின்றன. சில தலைமுறைகளில் அந்நீர் முழுவதும் குறுகிப்போன மீன்களே மிஞ்சும். சிறிது என்று இகழ்ந்தே அதை மேலும் சிறிதாக்கிவிடுகிறோம். குளிர்காலத்தில் அவை சில குழிகளில் குவிந்திருப்பதால் இந்தச் சூறை இன்னும் எளிது.

2018க்குப் பின் பரவிய புதுவகைச் சோனார் கருவி இதைக் கேலிக்கூத்தாகவே ஆக்கிவிட்டது. பனிக்கடியில் பல அடி தொலைவில் நீந்தும் ஒவ்வொரு மீனையும் திரையில் நகரும் படமாக அது காட்டுகிறது. கூட்டம் நகர்ந்தால் இவர்களும் நகர்ந்து புதுத் துளையிடுகிறார்கள். பழைய ஆழங்காட்டிகளும் கருவிகள்தாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் ஐவரிடமும் ஒன்று இருந்தது. அது காலடியில் மீன் வந்ததா என்று மட்டும் சொன்னது. வராதபோது காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தபோது பேச வேண்டியிருந்தது. புதுக் கருவியோடு வந்தவர்கள் எங்களுக்கு அருகில் இரண்டு மணி நேரம் இருந்தார்கள். ஒருவரோடொருவர் ஒரு சொல் பேசவில்லை.

மீனைக் கொல்வதே கொடுமை என்பவர்களுக்கு ஒரு சொல். அது தனி வாதம்; அதை நான் மதிக்கிறேன். ஆனால் டிரௌட் மீனைப் பிடித்து, படமெடுத்து, விட்டுவிடுவது நாகரிகம், சிறு மீனைப் பிடித்து உண்பது அநாகரிகம் என்பதை ஏற்கமாட்டேன். உண்பதற்காகப் பிடிப்பவன் தன் செயலுக்குப் பொறுப்பேற்கிறான். எல்லை மட்டும் அவனுக்கு வேண்டும். மின்னசோட்டாவும் விஸ்கான்சினும் தம் எல்லை ஆற்றில் ஒரு நாளுக்கான அளவை 2020இல் 25இலிருந்து 15ஆகக் குறைத்தன. மின்னசோட்டாவின் சில ஏரிகளில் அது 10, சிலவற்றில் 5. முணுமுணுத்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், ஐவர் வயிறாற உண்ண 15 தேவையே இல்லை. எங்கள் முதியவர் மிகப் பெரிய மீன்களைத் திரும்ப நீரில் விட்டுவிட்டு நடுத்தரமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். சட்டம் அதைக் கேட்கவில்லை.

அந்தப் பனியும் நிரந்தரமன்று. நான் சென்றுவந்த அடுத்த குளிர்காலம், 2023-24, மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் அளவெடுக்கத் தொடங்கிய நாள்முதல் காணாத வெப்பமான குளிர்காலமாயிற்று. பனி பிந்தி வந்து முந்திக் கரைந்தது. முதியவர் அந்தப் பருவத்தில் ஒருநாள்கூட ஆற்றில் இறங்கவில்லை என்று தோழன் எழுதினான். கடப்பாரையால் குத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். அவருடைய கதையைக் கேட்க வாளிகள் இல்லை, துளை இல்லை.

இதே ஆற்றங்கரையிலுள்ள வபாஷா ஊரைக் களமாக்கி 1993இல் ஹாலிவுட் ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தது. பனியில் மீன் பிடிக்கும் இரண்டு சிடுசிடுப்புக் கிழவர்களின் கதை. அமெரிக்கர்களும் சிரித்தார்கள். சிரிக்கத்தக்க ஒன்றாக மட்டுமே எஞ்சிவிட்ட வழக்கம் அழியும்போது யாரும் அழுவதில்லை. அவையில் நான் சிரித்தது தவறு என்று எனக்குத் தோன்றியதன் காரணம் இதுவே.

பெரிய மீனுக்கு நம் வாசிப்பில் போதிய இடம் கொடுத்துவிட்டோம். எதைப் பொருட்படுத்த வேண்டும் என்று கற்பிப்பதுதான் இலக்கியத்தின் வேலை என்றால், பொருட்படுத்தப்படாததிலிருந்துதான் அது தொடங்க வேண்டும். நண்பர் மீண்டும் அதே அவையில் அதையே சொல்வார். அப்போது நான் சிரிக்கமாட்டேன்.