வேடிக்கை பார்க்க ஆயிரம் பேர்... மீன் வாங்க யார்? பார்சிலோனா பொகெரியா சந்தையின் சிக்கல்

பார்சிலோனா போய் வந்தவர்களின் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் கட்டாயம் இருக்கும்: பிளாஸ்டிக் கப்பில் வெட்டிய பழம், பின்னால் இரும்புக் கூரை. அதுதான் ராம்ப்லா சாலையில் இருக்கும் பொகெரியா சந்தை. உலகம் முழுக்கப் பிரபலம். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால், 'அங்கே போயா காய்கறி வாங்குவாங்க?' என்கிறார்கள். எங்கே தப்பு நடந்தது?

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1835 கலவரத்தில் எரிந்த செயின்ட் ஜோசப் மடம் இருந்த இடத்தில் 1840-ல் சந்தைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று தலைக்குமேல் தெரியும் உலோகக் கூரை 1914-ல் வந்தது. உள்ளே 200-க்கும் மேற்பட்ட கடைகள். இடம் நகராட்சியுடையது, வியாபாரிகள் உரிமம் பெற்றுக் கடை நடத்துகிறார்கள்.

சந்தைக்குள் சாப்பிடுவதே புதுப் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். கட்டலோனியாவில் 'எஸ்மொர்சார் டி ஃபொர்கில்யா' என்று ஒரு வழக்கம் உண்டு. முள்கரண்டி பிடித்துச் சாப்பிடும் கனமான காலை உணவு. விடியும் முன்பே மூட்டை தூக்கியவர்கள், மீன் வெட்டியவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து கொண்டைக்கடலையும் ரத்த சாசேஜும் ஒரு பிடி பிடிப்பார்கள். பக்கத்துக் கடைச் சரக்குதான் அங்கே சமையலாகும். அதனால் சாப்பாட்டு பார் ஓடினால் மீன்கடையும் ஓடும்.

இப்போது நடப்பது வேறு. கப் பழம், ஜூஸ், காகிதக் கூம்பில் ஹாமோன் பன்றி இறைச்சி என எல்லாமே நடந்துகொண்டே தின்பதற்கு. ஒரு தர்பூசணியை அப்படியே கிலோ கணக்கில் விற்பதைவிட துண்டு போட்டு விற்றால் கூடுதல் காசு. வாடிக்கையாளர் நாளைக்குத் திரும்பி வர வேண்டும் என்ற கவலையும் இல்லை. உப்பிட்ட காட் மீன் விற்பவருக்கோ வீட்டில் அடுப்பு இருக்கிற ஆள் வேண்டும். ஹோட்டல் அறையில் தங்குபவர் ஒரு கிலோ மீனை வாங்கி என்ன செய்வார்? போட்டோ எடுப்பார், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் முட்டி மோதிக் கத்தரிக்காய் வாங்க உள்ளூர்ப் பாட்டிக்கு என்ன தலையெழுத்தா?

நகராட்சி சும்மா இருக்கவில்லை. வெள்ளி, சனிக்கிழமைகளில் பிற்பகல் 3 மணி வரை 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்ட சுற்றுலாக் குழுக்கள் நுழைய 2015-லேயே தடை போட்டது. ஆனால் கூட்டத்தைக் குறைத்தால் மட்டும் வாடிக்கையாளர் திரும்புவாரா? பழைய நகரப் பகுதியில் வாடகை ஏறி, வீடுகள் சுற்றுலாத் தங்குமிடங்களாக மாறின. சமைக்கிற குடும்பமே குறைந்தால் சந்தை யாருக்கு விற்கும்? சுமார் 10,000 சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று மேயர் ஜாவ்மே கொல்போனி 2024-ல் அறிவித்தார். பொகெரியாவின் மீன்கடைக்கு இந்த அறிவிப்பு குழுத் தடையைவிட முக்கியமானது.

அப்படியே விட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு மாட்ரிட்டின் சான் மிகேல் சந்தை சாட்சி. 1916-ல் கட்டப்பட்ட அழகான இரும்புக் கட்டிடம். தனியார் கைக்குப் போய் 2009-ல் மறுபடி திறந்தபோது ஒயினும் தின்பண்டமும் விற்கும் இடமாகிவிட்டது. ருசியில் குறையில்லை. வீட்டுச் சமையலுக்கு வாங்கிப்போகும் சந்தையாக மட்டும் அது இல்லை.

பார்சிலோனாவிலேயே மாற்று உதாரணமும் இருக்கிறது. 1882-ல் எழுந்த சான்ட் அன்டோனி சந்தை, நீண்ட சீரமைப்புக்குப் பின் 2018-ல் திறந்தது. அக்கம்பக்கத்தினர் இன்றும் அங்கே வாங்குகிறார்கள். பொகெரியாவின் அடையாளமாகவே இருந்த பினோச்சோ பார், 2023-ல் அங்கேதான் குடிபெயர்ந்தது. அந்தக் கொண்டைக்கடலையைத் தேடுபவர்கள் இப்போது அங்கேதான் போக வேண்டும்.

பொகெரியாவுக்கே போவதாக இருந்தால் காலையில் சீக்கிரம் போங்கள். ஞாயிறு விடுமுறை, திங்கட்கிழமை மீன் பக்கம் டல்லடிக்கும். வாசல் பக்கத்து கப்புகளைத் தாண்டி உள்ளே நடந்து, ஸ்டூல் கிடைக்கிற பாரில் உட்கார்ந்து, அன்றைக்கு என்ன வந்திருக்கிறது என்று கேளுங்கள்.