கலன் மேல் பழி ஏன்?

சாண எரிவாயு நின்றுவிட்டால் கலன் கட்டியவரைத் திட்டிவிட்டு விறகடுப்புக்குத் திரும்பிவிடுகின்றனர் பலர். இது சரியல்ல. பல இடங்களில் குறை கலனில் இல்லை, போடும் தீனியில்தான்.

கலனுக்குள் முதலில் பாக்டீரியாக்கள் சாணத்தைச் சிதைத்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலத்தை உண்டு மீத்தேன் வாயுவைத் தருபவை ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள். பார்வைக்குப் பாக்டீரியா போலிருந்தாலும் இவை தனி இனம் என்று 1977ல் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் வோஸ் காட்டினார். மாட்டின் வயிற்றிலிருந்து சாணத்தோடு வருபவை, காற்று ஆகாது, பெருகுவதும் மெதுவாகத்தான்.

கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஒரே நாளில் கொட்டினால் பாக்டீரியா வேகமாகத் தின்று கலனைப் புளிக்க வைத்துவிடும். ஆர்க்கியா முடங்கும். வாயு நின்றதே என்று மேலும் ஊற்றுவது வேடிக்கை! சில நாட்கள் தீனியை நிறுத்த வேண்டும். தொழுவம் கழுவிய பினாயில் தண்ணீரும் கலனுக்குள் போகக் கூடாது.