இரக்கம் போதாது, இடம் வேண்டும்

பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் கண்டதும் சீடர்களின் உள்ளத்தில் எழுந்த முதற்கேள்வி, அது யார் செய்த பாவத்தின் விளைவு என்பதே. அவரா, அவரைப் பெற்றவர்களா என்று அவர்கள் ஆண்டவரிடம் வினவினார்கள். எவரும் அல்லர் என்று கூறி, அக்கேள்வியின் அடித்தளத்தையே ஆண்டவர் தகர்த்தார். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தைத் தவக்காலத்தில் வாசிக்கக் கேட்கிறோம்; தலையசைத்து வீடு திரும்புகிறோம். ஆயினும் அக்கேள்வி இன்னும் சாகவில்லை. பள்ளிகளில் மாணவர் சேர்க்கை தொடங்கியதும், அது வேறு சொற்களை அணிந்துகொண்டு அலுவலக அறையில் வந்து நிற்கிறது: "இப்படிப்பட்ட பிள்ளையை ஏன் இங்கே அழைத்து வந்தீர்கள்? இவர்களுக்கென்று தனி இல்லம் இருக்கிறதே!"

"இல்லம் இருக்கிறதே" என்னும் இந்த மறுமொழியை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதைச் சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர், பெரும்பாலும் நல்லவர்கள். ஆனால் அவர்களுடைய நற்குணம் பிள்ளையைப் பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, வெளியே நிற்கும் பிள்ளைக்காகக் கண்ணீர் விடுகிறது. அதைத்தான் நாம் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

சித்தையன்கோட்டையை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில், செம்பட்டியை அடுத்துள்ள பேரூராட்சி அது. மேற்கே பழனிமலைத் தொடரின் சரிவுகள். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் திண்டுக்கல் நகரம். அவ்வூரில், மூளை முடக்குவாதத்தால் கால்கள் தளர்ந்து, பேச்சும் சற்றே குழறும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். அவள் அறிவில் ஒரு குறையும் இல்லை. தாய் கூலி வேலைக்குச் செல்பவள். வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் இடமில்லை என்றால் அச்சிறுமிக்கு மூன்று வழிகளே எஞ்சுகின்றன. நாள்தோறும் தாயின் இடுப்பில் ஏறி, உயரமான பேருந்துப் படிகளைக் கடந்து நகரத்துச் சிறப்புப் பள்ளிக்குப் போய்வருவது ஒன்று. அதற்குத் தாய் தன் கூலியை இழக்க வேண்டும். தொலைவிலுள்ள ஓர் இல்லத்தில் தங்கிப் படிப்பது மற்றொன்று. அதற்குச் சிறுமி தன் தாயையே பிரிய வேண்டும். மூன்றாவது வழி, வீட்டுத் திண்ணை. மற்றப் பிள்ளைகளுக்கு அடுத்த தெருவிலேயே கிடைக்கும் எழுத்தறிவுக்கு, இவள் மட்டும் தன் தாயையோ தன் ஊரையோ விலையாகக் கொடுக்க வேண்டுமா?

தனிப் பள்ளிகளைத் தோற்றுவித்தவர்களை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும். செவித்திறன் குறைந்தோருக்கான இந்தியாவின் முதற்பள்ளி 1880-களில் மும்பையில் எழுந்தது. அதற்கு வித்திட்டவர் அங்கிருந்த கத்தோலிக்க ஆயர் லியோ மியூரின். பாளையங்கோட்டையில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் மறைப்பணிப் பெண்களான ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்காகவும், சுவெய்ன்சன் அம்மையார் செவித்திறன் குறைந்தோருக்காகவும் தொடங்கிய பணிகள் நூறாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. அந்தக் காலத்தில் எந்தப் பள்ளியும் இப்பிள்ளைகளை ஏற்கவில்லை. எனவே தனிப் பள்ளி என்பது அன்று மூடிய கதவுக்கு எதிரே திறந்த கதவாக இருந்தது. இன்றோ நாம் அதையே காட்டி நம் கதவைச் சாத்துகிறோம். முன்னோர் செய்த தொண்டு நமக்குச் சாக்காக மாறிவிட்டது.

இனி, வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"வகுப்பில் நாற்பது பிள்ளைகள்; ஆசிரியர் என்ன செய்வார்?" இது நேர்மையான குறை, ஆசிரியரின் சுமை பொய்யன்று. ஆனால் சுமை மிகுதி என்றால் தோள்கொடுக்க ஆள் தேட வேண்டுமேயன்றிப் பிள்ளையை இறக்கிவிடக்கூடாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் பணியாற்றுகிறார்கள். தொடக்க வகுப்புகளில் இத்தகைய மாணவர் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்னும் அளவை 2021-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்தது. அந்த எண்ணிக்கை இன்னும் நிறைவேறவில்லை என்றால், உரக்கக் கேட்க வேண்டியவர்கள் நாம். ஊதிய மானியத்துக்காகவும் பணியிட ஒப்புதலுக்காகவும் அரசு அலுவலகங்களின் படியேறத் தெரிந்த நமக்கு, இதற்காக ஏற மட்டும் கால் வலிப்பதேன்?

"தேர்ச்சி விகிதம் குறைந்துவிடும்." மே மாதத்தில் பள்ளி வாசல்களில் நூற்றுக்கு நூறு என்று பதாகைகள் தொங்குகின்றன. தடுமாறும் பிள்ளையை வாசலிலேயே திருப்பியனுப்பிவிட்டுப் பெறும் நூறு, கல்வியின் வெற்றியாகுமா? அது வெறும் கழித்தற்கணக்கு. மேலும், பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவரை அமர்த்திக்கொள்ளவும், கூடுதல் நேரம் பெறவும், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்குப் பெறவும் இம்மாணவர்களுக்கு வழியுண்டு. அதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லி, விண்ணப்பத்தை உரிய காலத்தில் அனுப்புவது பள்ளியின் கடமை. எத்தனை பெற்றோர் அதை அறிவர்?

"மற்றப் பெற்றோர் விரும்பமாட்டார்கள்." இவ்விடத்தில்தான், அன்புக்குரிய வாசகர்களே, நம் முகத்தை நாமே கண்ணாடியில் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த 'மற்றப் பெற்றோர்' யார்? ஞாயிறு தோறும் திருப்பலியில் அமைதியின் வாழ்த்தைப் பகிர்ந்துகொள்ளும் நாமே. பக்கத்து இருக்கையில் வாய்குழறும் சிறுவன் அமர்ந்தால் தன் மகனின் படிப்புக் கெடும் என்று தலைமையாசிரியரிடம் முறையிடுபவர்கள், பெரும்பாலும் அன்னதானத்துக்கு முதலில் பணம் கொடுப்பவர்கள். விருந்து வைக்கும்போது ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் கால் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைக்குமாறு ஆண்டவர் கூறியதை லூக்கா பதிவு செய்திருக்கிறார். விருந்துக்கு அழைப்பது என்றால் நம் பந்தியில் அமர்த்துவது. உணவுப் பொட்டலத்தைக் கட்டி வேறிடத்துக்கு அனுப்பிவைப்பது அன்று.

"பணம் இல்லை." கோவில் கோபுரம் உயர்கிறது, சப்பரம் புதுப்பிக்கப்படுகிறது, திருவிழா இரவில் வாணவேடிக்கை வானை நிறைக்கிறது. ஆனால் பள்ளியின் மூன்று படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டப் பணமில்லை! ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்னும் கணக்கில், கைப்பிடியோடு கட்ட வேண்டிய சிறு வேலை அது. உள்ளூர்க் கொத்தனாரே அதைக் கட்டி முடிப்பார். சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு, ஏறத்தாழ மூன்றடி அகலமுள்ள கழிப்பறைக் கதவு ஒன்றும் வேண்டும். கழிப்பறைக்குப் போக முடியாது என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் துன்பத்தை நம் கட்டடக் குழுக்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் தூக்கி வந்தனர். வாசலில் கூட்டம், உள்ளே வழியில்லை. அவர்கள் திரும்பிப் போகவில்லை, கூரையைப் பிரித்தார்கள். ஆண்டவர் முதலில் கண்டது தூக்கிவந்தவர்களின் நம்பிக்கையைத்தான் என்கிறார் மாற்கு. கூரைக்கு நேர்ந்த சேதத்தைப் பற்றி நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. நாமோ கூரையைப் பிரிப்பது இருக்கட்டும், படியைச் சாய்க்கவே தயங்குகிறோம்.

நம் திருச்சபையின் மரபு இதற்கு இடந்தராதா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், 1013-இல், செருமானிய நாட்டின் சுவாபியாவில் எர்மான் என்னும் குழந்தை பிறந்தது. நடக்க இயலாது, பேச்சும் தெளிவில்லை. ஏழு வயதில் அவனைத் துறவுமடத்துப் பள்ளியில் சேர்த்தனர். பின்னர் அவன் ரைக்கனோ மடத்தின் துறவியானான். நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்லப்பட்ட அந்த மாணவன் வானியலிலும் கணிதத்திலும் இசையிலும் வரலாற்றிலும் தன் காலத்தின் பேரறிஞர்களுள் ஒருவனானான். தொலைவிலிருந்தும் மாணவர் அவனை நாடி வந்தனர். செபமாலை முடிவில் நாம் சொல்லும் கிருபை தயாபத்து மன்றாட்டை இயற்றியவர் அவரே என்று நெடுங்காலமாக மரபு சொல்லி வருகிறது. அந்த மடத்தின் கதவருகே ஒருவர் நின்று, "இவனுக்கென்று தனி இல்லம் இருக்கிறதே" என்று சொல்லியிருந்தால் இழப்பு யாருக்கு?

திருச்சபையும் இவ்வகையில் தன்னைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பீடப்பணியைப் பாதுகாப்பாகவோ பாங்காகவோ ஆற்றத் தடையாகும் உடற்குறை உள்ளவர்களைக் குருத்துவத்திலிருந்து 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு விலக்கி வைத்தது. 1983-ஆம் ஆண்டின் தொகுப்பில் அந்த விலக்கு இல்லை. மாறாக, உடலிலோ மனத்திலோ குறைபாடுள்ளவர்களுக்கும் அவர்கள் நிலைக்கேற்ப மறைக்கல்வி வழங்குவது பங்குத்தந்தையின் கடமை என்று அது விதிக்கிறது. அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ளவர்கள், தங்களுக்குத் துணைநிற்கும் குடும்பத்தின், சமூகத்தின் நம்பிக்கையிலும் நற்கருணையைப் பெறுகிறார்கள் என்று 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எழுதினார். பார்வையின்றி, கூனுடனும் ஊனத்துடனும் பிறந்து, பெற்றோராலேயே கைவிடப்பட்ட காஸ்தெல்லோ நகரத்து மார்கரெட் அம்மையாரை 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். பீடத்துக்கு உயர்த்தப்பட்டவர், உயிரோடு நம் பள்ளிக்கு வந்தால் எல்.கே.ஜி. வகுப்பில் இடம் கிடைக்குமா?

நாட்டுச் சட்டமும் தெளிவாகவே பேசுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களிலும் பாகுபாடின்றி இப்பிள்ளைகளைச் சேர்ப்பதும், கட்டடங்களை அவர்கள் அணுகத்தக்கனவாக்குவதும், ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தருவதும் நிகழ வேண்டும் என்கிறது. அடையாளப்படுத்தப்பட்ட குறைபாடுகளையும் அது 7-இலிருந்து 21-ஆக உயர்த்தியது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-இல் அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு அத்தீர்ப்பைக் குறித்து ஐயம் எழுப்பியது. வழக்கு எவ்வாறு முடியினும் நாம் கேட்க வேண்டியது வேறொரு கேள்வி. சிறுபான்மை உரிமை என்னும் கேடயத்தை அரசியலமைப்பு நமக்கு அளித்தது எதற்காக? எளியவரை நம் விருப்பப்படி கூடுதலாகக் காப்பதற்கா, அவர்களுக்கு நம் வாசலைச் சாத்துவதற்கா?

இது இயலாத கனவு என்று சொல்வோர் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடிக்குச் சென்று வரட்டும். கடற்படை அதிகாரிகள் தேர்வின்போது ஏற்பட்ட விபத்தால் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அவர் வளர்த்த அந்த நிறுவனத்தின் பள்ளியில், மாற்றுத்திறன் படைத்த பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். அவருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒரு சிற்றூரில், தனி மனிதரால் தொடங்க முடிந்ததை, நாடெங்கும் பள்ளிகளை நடத்தும் நம்மால் இயலாது என்று சொல்ல நாக்கூச வேண்டாமா?

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் பெயரை எழுதிக் கடைசி இருக்கையில் அமர்த்துவது ஏற்பு ஆகாது. சைகை மொழி அறியாத வகுப்பில் செவித்திறனற்ற பிள்ளை, நாற்பது பேருக்கு நடுவிலும் தனிமையிலேயே வாடும். பிரெயில் நூல் இல்லாமல் பார்வையற்ற பிள்ளைக்கு வகுப்பு வெறும் இரைச்சல். எனவே சிலருக்குச் சிறப்புப் பள்ளிகள் இன்றும் தேவையே. ஆனால் அது பிள்ளையின் தேவை கருதிப் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் வழியாக இருக்க வேண்டும். நம் வசதி கருதி நாம் தள்ளிவிடும் வழியாக இருத்தலாகாது.

பொதுநிலையினராகிய நாம் ஆயரின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்புவோம். நம் பங்கின் எல்லையில், சமய வேறுபாடின்றி, பள்ளிக்குச் செல்லாத மாற்றுத்திறன் பிள்ளைகள் எத்தனை பேர்? அன்பியங்கள் வீடு வீடாகச் சென்றால் ஒரே மாதத்தில் விடை கிடைக்கும். நம் பள்ளியிலும் கோவிலிலும் சக்கர நாற்காலி நுழையாத வாசல்கள் எவை? புதுநன்மை வகுப்பிலிருந்து, "புரியாது" என்று சொல்லி நாம் விலக்கி வைத்த பிள்ளைகள் யார் யார்? இம்மூன்றுக்கும் விடை எழுதிய தாளைப் பள்ளித் தாளாளரிடம் கொடுப்போம். நம் பிள்ளையின் பக்கத்து இருக்கையைத் தர நாங்கள் ஆயத்தம் என்றும் அதில் கையெழுத்திடுவோம். மற்றப் பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்னும் காரணம் அந்த நொடியிலேயே செத்துப்போகும்.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு, தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 இலட்சம் என்றது. அவர்களுள் பள்ளி வயதினர் எவரும் நம்மிடம் இரக்கத்தை இரந்து நிற்கவில்லை. தம் ஊரில், தம் தெருப் பிள்ளைகளோடு அமர ஓர் இருக்கையைக் கேட்கிறார்கள். அது அவர்களுக்கு உரியது. உரியதைக் கொடுப்பதற்குத் தருமம் என்று பெயரில்லை. நீதி என்று பெயர்.