விஞ்ஞான விந்தைகள்: பிரிப்பதற்குக் கலக்குவோம்!

ரஷ்யத் தாவரவியல் அறிஞர் மிகாயில் ஸ்வெட், சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை வடியவிட்டு, அதன் நிறங்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிவதை 1906-ஆம் ஆண்டில் விளக்கினார். அதற்கு அவர் இட்ட பெயரே குரோமட்டோகிராபி.

இன்று இரத்தத்தில் கலந்துள்ள மருந்தின் அளவையும் இம்முறையால் அறிகின்றனர். சிறு துளியே போதுமாறு குழாயையும் மயிரிழையளவு நுண்ணியதாக்கினர். ஆயின் ஆற்றில் நடுநீர் விரைய, கரையோர நீர் தயங்குவதுபோல, நுண்குழாயிலும் நிகழ்கிறது. சுழிப்பற்ற அவ்வோட்டத்தில் பட்டைகள் நீண்டு ஒன்றோடொன்று கலக்கின்றன. மருத்துவர் காணும் அளவும் பிழைபடலாம். இந்நீட்சியை 1953-இல் ஆங்கிலேய அறிஞர் ஜி. ஐ. டெய்லர் கணக்கிட்டுக் காட்டினார்.

இதற்குப் பரிகாரம் மின்சாரம். குழாயில் மின்வாய்களைப் பொருத்தி மாறுதிசை மின்னழுத்தம் அளித்தால், திரவம் குறுக்காகச் சுழல்கிறது. கரையிலிருந்த பொருள் நடுவுக்கும், நடுவிலிருந்தது கரைக்கும் மாறி மாறிச் செல்ல, அனைத்தும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகர்கின்றன, பட்டையும் குறுகுகிறது. பெல்ஜியம், நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2020-இல் இதனைச் சோதித்துக் காட்டினர்.

நெடுக்கே கலந்தால் கேடு. குறுக்கே கலந்தால் நலம். பிரிப்பதற்கே கலக்க வேண்டியிருப்பது விந்தையன்றோ!