நம் வீட்டில் வாழும் அரபிச் சொற்கள்



மக்ரிபுக்குப் பின் நடைபெறும் ஓதல் வகுப்பில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி ஒருநாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். குர்ஆனை இருமுறை ஓதி முடித்தவள். உச்சரிப்பில் குறை காண முடியாதவள். "ஹஜ்ரத், ஒவ்வொரு தொழுகையிலும் 'நஸ்தஈன்' என்று ஓதுகிறேனே, அப்போது நான் அல்லாஹ்விடம் என்ன சொல்கிறேன்?" என்றாள்.

நான் கற்ற முறைப்படியே விடையளித்தேன். அது ஒரு வினைச்சொல், தன்மைப் பன்மையில் அமைந்தது, இன்ன வாய்பாட்டைச் சேர்ந்தது என்று விளக்கினேன். சிறுமி தலையசைத்தாள். ஆனால், அவள் முகத்தில் எந்தத் தெளிவும் இல்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவள் கேட்டது பொருள். நான் கொடுத்தது இலக்கணம்.

மறுநாள் வேறு வழியில் தொடங்கினேன். அவளை மதரஸாவுக்கு அழைத்து வருபவர் அவளுடைய மாமா. அவர் பெயரில் 'முஈன்' என்ற சொல் உண்டு. "முஈன் என்றால் உதவி செய்பவர். நஸ்தஈன் என்றால் நாங்கள் உதவி தேடுகிறோம்" என்றேன். அவள் கண்கள் மலர்ந்தன. "அப்படியானால் மாமா பெயரும் இந்தச் சொல்லும் சொந்தமா, ஹஜ்ரத்?" என்றாள்.

ஆம், சொந்தந்தான்! அரபிச் சொற்களுள் பெரும்பாலானவை மூன்றெழுத்து வேர்களிலிருந்து கிளைத்தவை. தொழுகையில் நிற்கும் கியாம், தொழுகைக்கு முன் சொல்லும் இகாமத், நாம் அஞ்சும் கியாமத், நேரானது எனப் பொருள்படும் முஸ்தகீம் ஆகிய நான்கும் ஒரே வேரின் கிளைகள். அஹ்மத், மஹ்மூத், ஹாமித் என்று நாம் பிள்ளைகளுக்குச் சூட்டும் பெயர்களெல்லாம் 'ஹம்து' என்ற புகழ்ச் சொல்லின் உறவுகள். 'நஃபுது' என்பதன் வேர், அப்துல்லாஹ் என்ற பெயரில் இருக்கிறது. ஏன், வக்கீல், ஜாமீன், பாக்கி, அசல், நகல் என்று நாம் கடைத்தெருவிலும் கச்சேரியிலும் அன்றாடம் வழங்குபவையும் அரபியிலிருந்து வந்தவையே. அறியாத மொழி என்று நாம் அஞ்சி நிற்பது, நம் வீட்டிலேயே குடியிருக்கும் மொழியை!

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வதே இரண்டாம் மொழி கற்பித்தலின் முதற்படி. நாமோ பல காலமாக வாய்பாடுகளில் தொடங்குகிறோம். இலக்கணம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. சொற்கள் சேர்ந்த பிறகு அவற்றை ஒழுங்குபடுத்த அது இன்றியமையாதது. ஆனால், நெல் இல்லாத வீட்டில் மரக்கால் எதற்கு?

அடுத்தது, மீட்டிப் பார்த்தல். 1885ஆம் ஆண்டில் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்பதை அளந்து வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே மறந்துவிடுகிறது. ஒரே அமர்வில் பலமுறை உருப்போடுவதைவிட, இடைவெளி விட்டு மீட்டுவதே நிலைக்கிறது என்று கண்டார். நம் ஹாஃபிழ்கள் புதிய பாடத்துடன் பழைய பாடத்தையும் நாள்தோறும் ஒப்பிப்பது இந்த உண்மையை ஒட்டியதே. பர்ளான தொழுகைகளில் மட்டும் நாளொன்றுக்கு 17 ரக்அத்கள். ஃபாத்திஹாவின் சொற்களை மீட்டிப் பார்க்க இதனினும் நல்ல வாய்ப்பு எது?

மூன்றாவது, தேவையுணர்வு. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அரை மாதம் கழிவதற்குள் அவர்கள் அதைக் கற்றுத் தேர்ந்ததாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. வந்த கடிதங்களைப் படிக்கவும் மறுமொழி எழுதவும் வேண்டியிருந்தது; கற்றது உடனே பயன்பட்டது.

தாய்மார்களே! "எங்களுக்கே அரபி தெரியாதே" என்று தயங்க வேண்டாம். வாரத்திற்கு ஐந்து சொற்கள் போதும். பிள்ளை மதரஸாவில் கற்று வந்ததை உங்களுக்குக் கற்பிக்கட்டும். நீங்கள் மாணவியாக அமருங்கள். பிறருக்குச் சொல்லிக் கொடுப்பவன் இருமுறை கற்கிறான். அவன் தவறினால் சிரிக்காதீர்கள், அதட்டாதீர்கள். கூசிய நாவு மொழி பேசாது.

அந்தச் சிறுமி இப்போது தன் உம்மாவுக்குப் பாடம் நடத்துகிறாள். சென்ற வாரம் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், நேற்று உம்மா தொழுகையில் அழுதார்கள்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.